மெத்தை உறை

சக்கர நாற்காலி மெத்தைக்கு உறை தைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மேடம். தையல் ஓரமாக வர வேண்டும், உட்காருகிற இடத்தில் ஒரு மடிப்புகூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் தையல்காரி, எனக்கு அது கை வந்த வேலை. பதினேழு வயதாகும் என் மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஏதாவது உறுத்தினால் நாம் நகர்ந்து உட்காருவோம். அவளுக்குத் தெரியாது, அப்படியே இருப்பாள். தோல் சிவக்கும், சிவந்தது புண்ணாகும்.

அதனால் தினமும் காலையில் அவளைக் கவிழ்த்துப் படுக்க வைத்து நான் பார்ப்பேன். விபத்து நடந்ததிலிருந்து அது என் வேலை. அவள் அப்பா கொஞ்ச நாள் கூட இருந்தார், அப்புறம் கழன்றுகொண்டார். கண்ணாடி வைத்துத் தானே பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "கண்ணாடி எதுக்கு? நீதான் இருக்கியேம்மா" என்பாள். கேட்க எனக்கு இனிக்கும்.

அவளைப் பந்தய நாற்காலியில் ஏற்றியது கோச்தான். "என்னம்மா உங்க பொண்ணு, பம்பரமா சுத்துறா" என்றார். அன்றிலிருந்து மைதானத்தில் அவள் பேரே பம்பரம். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்ற அம்மாக்களோடு நின்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்.

பிறகு தேர்வுப் போட்டி வந்தது. ஜெயித்தால் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் பயிற்சி. நானும் கூட வரலாமா என்று கோச்சைக் கேட்டேன். "அங்க அவங்கவங்க வேலையை அவங்களே பாத்துக்குவாங்கம்மா. உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா?" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்தால், மகள் எந்தெந்தத் துணியை எடுத்துப் போகலாம் என்று அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தாள். வாயில் பாட்டு வேறு. அம்மா என்ன செய்வாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் உறையைத் துவைத்தேன். திரும்பத் தைக்கும்போது பழைய பை ஒன்றின் தடித்த வாரை வெட்டி, நான்காக மடித்து, உட்காருகிற இடத்தில் உள்ளே வைத்துத் தைத்தேன். வெளியே தெரியாது. தோல் சிவந்தால் கோச் பயிற்சியை நிறுத்திவிடுவார், அதில் அவர் கண்டிப்பு. ஒரு போட்டி தவறும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சிவந்தது. அன்றே கோச்சிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் போட்டிக்கு இன்னும் நாள் இருந்தது, அதற்குள் ஆறிவிடும், ஆறினால் ஜெயித்துவிடுவாள். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லடி, பளிங்கு மாதிரி இருக்கு" என்றேன். தோல் கறுத்துச் சின்னதாக வாய் திறந்த பிறகும் அதையே சொன்னேன். மருந்து போடாமல் இல்லை, மேடம். தினமும் சுத்தமாகத் துடைத்துப் போட்டேன். வியர்வைக்குப் பவுடர் என்று அவளிடம் சொன்னேன். உறையை மட்டும் மாற்றவில்லை.

மேலே பொட்டளவு, உள்ளே எலும்பு வரை குழி என்று டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். காய்ச்சலை அவள் மறைத்துவிட்டுப் போட்டிக்குப் போனாள். புறப்படும் கோட்டிலேயே சரிந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுடும்மா. அப்பப்ப கையை ஊணி எழும்பி உக்காரச் சொன்னே, நான்தான் சரியா செய்யல போல" என்றாள். நான் அவள் தலையைத் தடவி, "பரவாயில்லடி, விடு" என்றேன்.

இனி அவள் உட்காருவாளா என்பதற்கே டாக்டரிடம் பதில் இல்லை. சந்தேகப்பட்டு உறையைப் பிரித்தது கோச். அந்த வாரை அவளிடமே காட்டிவிட்டாராம். ஆமாம், நான்தான் வைத்தேன். கை தவறி இல்லை, தெரிந்தே தைத்தேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

அம்மாவை உள்ளே விடாதீர்கள் என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். கோபத்தில் சொல்வதுதான், சின்ன வயதிலிருந்தே அப்படி. நீங்கள் என்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள், சாயங்காலம் மட்டும் இங்கே, ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். புரண்டு படுக்கக்கூட முடியாமல் கிடக்கிறாள். பாவம், நான் இல்லாமல் அவள் என்ன செய்வாள்?