வெளியே போகாத கன்டெய்னர் வெளியே போனதாகப் பதிவானது குறித்து

பெயர் ஆன்சி. வயது 34. கணவர் பெயர் பெனிட்டோ. விலாசம்: கதவு எண் 17, மாதா கோயில் சந்து, பனைமரத்தொட்டி, இராயபுரம். தொழில் கணினி நிரல் எழுதுவது. 19.06.2025 வியாழக்கிழமை காலை 11 மணிக்கு, யாரும் அழைக்காமல் தானாகக் காவல் நிலையம் வந்து, ஆய்வாளர் முன்னிலையில் சொல்லிப் பதிவு செய்யப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடனும் ஒரு பெண் குழந்தையுடனும் குடியிருந்து வருகிறேன். திருவொற்றியூரில் பாலகணேஷ் என்பவர் நடத்தும் மென்பொருள் நிறுவனத்தில் பத்து வருடம் வேலை பார்த்தேன். நேற்று மாலை முதல் பார்க்கவில்லை. அந்த நிறுவனம் ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில் உள்ளது. எண்ணூர் போகும் வழியில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில், உள்ளே வரும் கன்டெய்னர்களையும் வெளியே போகும் கன்டெய்னர்களையும் பதிவு செய்யும் நிரலை எழுதியது நான்தான். வேறு யாரும் அதில் ஒரு வரி கூட எழுதவில்லை. பிறகு யாரும் யாரையும் தேட வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் எழுதிக்கொடுத்தது கேட் அறையில் உள்ள கணினியிலேயே ஓடும் நிரல். யார்டு கேட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும், டிரைவர்கள் ஹாரனை விட்டுக் கை எடுக்க மாட்டார்கள். அதனால் கேட்டில் இருப்பவர்கள் ஒரு டிரெய்லருக்கு ஒரு ஜன்னல் என்று நான்கைந்தை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு, வண்டி நகர நகர ஒவ்வொன்றாக 'வெளியே' என்ற பொத்தானை அழுத்துவார்கள். புது ஜன்னல் திறக்க எஃப் டூ என்ற விசை. இந்த வேலையில் அன்புக்கரசி என்ற கேட் எழுத்தரை யாரும் மிஞ்ச முடியாது. சடையங்குப்பத்துக்காரர், வயது 46. அவர் ஊரில் இடுப்பளவு தண்ணீர் நின்ற நாட்களில் கூட மாற்றுப் புடவையைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவர். ஒன்பது வருடம் அந்தப் பழைய நிரலில் அவர் ஒரு பதிவு கூடத் தப்பாகப் போட்டதில்லை.

அதன் பிறகு, எல்லா இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று யார்டு நிர்வாகம் கேட்டதால், அதே நிரலை இணையத்தில் ஓடும்படி மாற்றி எழுதினேன். 02.06.2025 திங்கட்கிழமை அது நடைமுறைக்கு வந்தது. அன்று நான் கேட் அறையில் இருந்தேன். அன்புக்கரசி, "எஃப் டூ எங்க கீது ஆன்சி?" என்று கேட்டார். எஃப் டூ இனிமேல் கிடையாது, பிரவுசரில் புது டேப் திறந்துகொள்ளுங்கள் என்று சொல்லி, எப்படித் திறப்பது என்றும் காட்டிக்கொடுத்தேன். "அதே மாதிரிதான் அக்கா" என்றேன். சோதித்துப் பார்க்காமல் சொன்னேன்.

13.06.2025 வெள்ளி மதியம், 4471 என்று முடியும் எண் கொண்ட கன்டெய்னரை எடுக்க ஆள் வந்தபோது அது இடத்தில் இல்லை. உள்ளே இருந்தவை தாமிரக் கம்பிச் சுருள்கள். நிரலில் தேடியதில், முந்தின நாள் காலை 11.42 மணிக்கு அன்புக்கரசியின் பெயரில் அது ஒரு டிரெய்லரில் வெளியே போனதாக இருந்தது. அதற்கு வெளியேறும் சீட்டு எதுவும் இல்லை. கேட் கேமராவில் அந்த டிரெய்லர் போவது தெரிகிறது, கன்டெய்னரின் எண் வெயிலில் தெரியவில்லை. டிரைவர், தான் எடுத்துப்போனது 2086 என்று முடியும் கன்டெய்னர் என்று சொன்னார். 2086 இன்னும் யார்டுக்குள் இருப்பதாகக் கணினி காட்டியதால் அவரை யாரும் நம்பவில்லை. ஓர் ஆள் எழுந்து நடந்துபோய் 2086 நிற்கும் இடத்தைப் பார்த்திருந்தால் போதும். ஒருவரும் போகவில்லை.

கன்டெய்னர் திருடு போனதாக யார்டு கொடுத்த புகாரின் பேரில், 14.06.2025 சனிக்கிழமை என்னை இதே காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். மேற்படி பதிவை அச்சிட்டு, அது சரியாக இயங்கும் கணினியிலிருந்து எடுக்கப்பட்டது என்று சான்றிதழும் கேட்டார்கள். கொடுத்தேன். வெளியே வரும்போது அன்புக்கரசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யார்டு அடையாள அட்டை அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "நீயாச்சும் சொல்லு ஆன்சி. அந்தப் பொட்டிய நான் கண்ணால கூட பாக்கல. போன்ல சாரு கேட்டாரு, பாத்து சொன்னேன், அவ்ளோதான்" என்றார். நான் படியிறங்கிவிட்டேன். அன்று மாலை அவரைப் புழல் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அப்போது எனக்கும் அவர் மேல் சந்தேகம் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிக்கொள்ளவும். என் நிரலில் தப்பு இருக்காது என்ற திமிர்தான் காரணம். அதை எனக்கு நானே நிரூபிக்கத்தான் ஞாயிறு காலை பூசைக்குக்கூடப் போகாமல் மடிக்கணினியைத் திறந்தேன். அதில் மேற்படி நிரலின் நகல் இருந்தது. ஒரு கன்டெய்னரைத் தேடுவது, 'வெளியே' அழுத்துவது, பதிவைப் பார்ப்பது என்று நாற்பது தடவை செய்தேன். நாற்பதும் சரியாக இருந்தது. அதன் பிறகு 12ஆம் தேதி சர்வரில் பதிவான குறிப்புகளை வரிவரியாகப் படித்தேன். கேட் கணினியிலிருந்து 11.39க்கு 2086 தேடப்பட்டுள்ளது. 11.41க்கு 4471 தேடப்பட்டுள்ளது. 11.42க்கு 'வெளியே' அழுத்தப்பட்டுள்ளது. இது அவருக்கு இன்னும் பாதகமாகத்தான் தெரிந்தது, மடிக்கணினியை மூடப் போனேன்.

மூடும்போதுதான் போனில் யாரோ கேட்டதாக அவர் சொன்னது ஞாபகம் வந்தது. கேட்டில் 2086 நிற்கிறது, அது ஒரு டேப்பில் திறந்திருக்கிறது. போன் வருகிறது. வேறு டேப்பைத் திறந்து 4471 எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறார். பழைய டேப்புக்குத் திரும்பிப்போய் 'வெளியே' அழுத்துகிறார். நானும் அப்படியே செய்தேன். 'பதிவானது' என்று வந்தது. பட்டியலைத் திறந்தேன், 4471 வெளியே போயிருந்தது, 2086 உள்ளே இருந்தது. திரும்ப ஏழு தடவை செய்தேன், ஏழு தடவையும் அதுவே வந்தது. சமையலறைக்குப் போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஐயோ, அந்தப் பெண்ணை உள்ளே தள்ளியது நான்தான் என்று என் கணவரிடம் சொல்லி அழுதேன்.

காரணம் பின்வருமாறு. பழைய நிரலில் ஒவ்வொரு ஜன்னலும் தன் கன்டெய்னர் எண்ணைத் தானே வைத்திருந்தது. புது நிரலில் அந்த எண்ணைப் பக்கத்தில் வைக்காமல், ஓர் ஆளுக்கு ஓர் இடம் என்று சர்வரில் ஒதுக்கி அதில் வைத்தேன். எத்தனை டேப் திறந்தாலும் அந்த இடம் ஒன்றுதான், கடைசியாகத் தேடிய எண்தான் அதில் நிற்கும். நான்கு பேருக்கு இலை போட்டுவிட்டு, யார் சோறு கேட்டாலும் கடைசி இலையில் கொண்டுபோய்க் கொட்டுவது போன்றது. போதாக்குறைக்கு, அழுத்திய பிறகு எந்த எண் பதிவானது என்று காட்டாமல் 'பதிவானது' என்று மட்டும் வரும்படி எழுதிவைத்தேன். கேட்டில் வரிசையாகத் திறந்த டேப்புகளிலும் இந்தக் குழப்பம் பத்து நாளும் நடந்திருக்கிறது. ஆனால் அந்த வண்டிகள் எல்லாம் அன்றன்றே வெளியே போனவை, விட்டுப்போன பதிவுகளை அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் சீட்டைப் பார்த்துப் போட்டுவிடுவார்கள். 12ஆம் தேதி வியாழன் என்பதால் 2086இன் சீட்டு மட்டும் இன்னும் பதிவேறவில்லை. அதனால் இந்தக் குழப்பம் அதுவரை வெளியே தெரியவில்லை.

16.06.2025 திங்கள் காலை ஏழு மணிக்கு யார்டுக்குப் போனேன். மேலாளர் ஞானதுரையிடம், 12ஆம் தேதி கேட்டுக்குப் போன் செய்து 4471 பற்றிக் கேட்டீர்களா என்று விசாரித்தேன். முதலில் ஞாபகம் இல்லை என்றவர், பிறகு ஆமாம், மறுநாள் எடுக்க வருவார்களே என்று எங்கே நிற்கிறது எனக் கேட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அவரை அழைத்துக்கொண்டு 2086 நிற்பதாகக் காட்டிய இடத்துக்கு நடந்தே போனேன். அங்கே வெறும் தரைதான் இருந்தது.

அதன் பிறகு கன்டெய்னர் தூக்கும் வண்டி ஓட்டும் அம்புரோஸ் என்பவரைக் கேட்டோம். 12ஆம் தேதி மதியம் வேறு கன்டெய்னரை வைக்கக் கணினி ஓர் இடம் காட்டியதாகவும், போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒன்று நின்றதாகவும், அதன் எண்ணை அடித்தால் யார்டில் இல்லை என்று வந்ததாகவும் சொன்னார். "ஸ்க்ரீன்ல இல்லாத பொட்டிய நான் இன்னா பண்றது? பின்னாடி கொண்டுபோய் குந்த வெச்சேன். எவனும் வந்து கேக்கலியே" என்றார். கணக்கில் வராத கன்டெய்னர்களைப் பின்சுவர் ஓரம் தண்ணீர் தேங்கும் இடத்தில் வைப்பது அங்கே வழக்கம். போய்ப் பார்த்தோம். 4471 அங்கே சீல் உடையாமல் நின்றது.

அத்தோடு அன்புக்கரசியை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் நடந்தது வேறு. கணக்கில் வெளியே அனுப்பிவிட்டு, பொருளைப் பின்சுவர் ஓரம் ஒளித்து, பரபரப்பு ஆறிய பிறகு கடத்தத் திட்டமிட்டார்கள் என்று யார்டில் பேச ஆரம்பித்தார்கள். அம்புரோஸ் பெயரையும் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். கணினியில் அன்புக்கரசி பெயர் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அதற்குப் பதில் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

17.06.2025 செவ்வாய் அன்று என் முதலாளி பாலகணேஷிடம் எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. என் பிரசவத்தின்போது கணினியை வீட்டுக்கே தூக்கிவந்து கொடுத்தவர். அந்தப் பிழையை உடனே திருத்திவிடு, யாரிடமும் வாயைத் திறக்காதே என்றார். இன்னும் மூன்று யார்டுகள் இதே நிரலை வாங்க இருப்பதைச் சொன்னார். "பொட்டிதான் கெடச்சாச்சுல்லா, அந்தம்மா தானா வெளிய வந்துரும். நீ ஏன் ஊரக் கூட்டுத?" என்றார். திருத்த முடியாது என்று சொன்னேன். திருத்திவிட்டால் யார்டில் ஓடும் நிரலில் பிழை இருந்ததற்கு அடையாளமே இருக்காது, பிறகு அன்புக்கரசி சொல்வது பொய் என்று ஆகிவிடும். நேற்று மாலை வரை யோசிக்க நேரம் கொடுத்தார். யோசிக்க எதுவும் இல்லை என்பதால் நேற்று வேலையிலிருந்து நின்றேன்.

அது மூன்று வரி மாற்றும் வேலை, பத்து நிமிடம் கூட ஆகாது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, ஒரு பிழையைக் கண்டுபிடித்த பிறகு திருத்தாமல் படுத்தது இதுதான் முதல் தடவை. வேறு யாரும் இதில் மாட்டக்கூடாது என்று கேட் அறைக்குப் போய், ஒரு டேப்புக்கு மேல் திறக்கக்கூடாது என்று தாளில் எழுதிக் கணினி மேல் ஒட்டிவிட்டு வந்தேன்.

இன்று இதையெல்லாம் ஆய்வாளர் அவர்களிடம் சொன்னபோது, "கம்ப்யூட்டர் எப்படிம்மா பொய் சொல்லும்?" என்று கேட்டார். மடிக்கணினியை அவர் மேஜை மேல் வைத்து, மேற்படி நகலில் அவர் பெயரிலேயே ஒரு புதிய பயனரை உருவாக்கினேன். அவரையே ஒரு டேப்பில் 2086ஐத் தேடச் சொன்னேன், தேடினார். இன்னொரு டேப்பில் 4471ஐத் தேடச் சொன்னேன், தேடினார். அதன் பிறகு முதல் டேப்புக்குத் திரும்பி, 2086 என்று திரையில் இருப்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டு 'வெளியே' அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். 'பதிவானது' என்று வந்தது. பட்டியலைத் திறந்தேன். 2086 உள்ளே இருந்தது. 4471 பகல் 12.20க்கு வெளியே போயிருந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் ஆய்வாளர் அவர்களின் முழுப் பெயர் இருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"சார், இதுக்கும் நான் சான்றிதழ் குடுத்தா உங்களையும் புழலுக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்டேன். அவர், நான் கேட்டதையும் சேர்த்து டைப் அடிக்கும்படி நிலைய எழுத்தரிடம் சொன்னார்.

14ஆம் தேதி நான் கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன். அதற்காக என் மேல் வழக்கு வரலாம் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார், வரட்டும் என்று சொன்னேன். மடிக்கணினியை இங்கேயே ஒப்படைக்கிறேன். அன்புக்கரசியின் ஜாமீன் மனு நாளைக் காலை விசாரணைக்கு வருகிறது. இந்த வாக்குமூலமும் ஆய்வாளர் பெயர் உள்ள அந்தப் பட்டியலின் அச்சும் அதற்கு முன்பாக நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.

மேலே உள்ளவை நானே என் வாயால் சொன்னவை. யாரும் மிரட்டவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. படித்துக் காட்டியதைக் கேட்டேன், பிறகு நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஆன்சி
19.06.2025, பகல் 1.10 மணி