தலைவலிக்கு நான் கொடுத்த மாத்திரை

ஒற்றைத் தலைவலிக்கு எந்த மாத்திரை நல்லது என்று என் மருந்துக் கடையில் கேட்பார்கள். ஒருவருக்கு வேலை செய்வது இன்னொருவருக்கு வேலை செய்யாது, ஐயா. எங்கள் வீட்டு டீச்சருக்கு எது சரிவரும் என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். டீச்சர் என்றால் என் மனைவிதான். பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். வீட்டில் எனக்குப் பாடம் எடுப்பாள்.

சாதாரணக் காய்ச்சல் மாத்திரை அவளுடைய வலிக்கு முன்னால் வாயே திறக்காது. மூட்டு வலிக்குக் கொடுக்கிற மாத்திரை வலியைப் பாதி குறைக்கும், வயிற்றெரிச்சலை முழுசாகக் கொடுக்கும். இந்த வலிக்கென்றே டாக்டர் எழுதிய டிரிப்டான்தான் கெட்டிக்கார மாத்திரை. ஆரம்பத்திலேயே போட்டுவிட்டால், ஒரு சினிமா முடிவதற்குள் எழுந்து உட்கார்ந்து, "என்னங்க, ஏன் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி முழிக்கறீங்க?" என்பாள். அந்த மாத்திரையில் நான் கண்ட குறை அது ஒன்றுதான். சீக்கிரம் எழுந்துவிடுவாள்.

எழுந்தால் பள்ளி, போன், தோழிகள், அரட்டை. அவள் கிளம்பிப் போனதும் கதவைப் பூட்டுகிற ஆள்தான் நான். வலி வந்தால் அப்படியில்லை. திரையை இழுத்துவிட்டு, கண்ணை இறுக மூடி, என் கையைப் பிடித்துக்கொள்வாள். "எங்கயும் போயிடாதீங்க" என்பாள். வாயில் எதைப் போட்டாலும் விழுங்குவாள். கடைக்காரன் கொடுத்தால் உறையைப் பார்ப்பாள், புருஷன் கொடுத்தால் பார்ப்பாளா?

அதனால் டிரிப்டானைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்துப் பார்த்தேன். பிறகு அதற்குப் பதிலாக, மருந்தே இல்லாத மாத்திரை ஒன்று. ஆராய்ச்சி செய்கிறவர்களும் அப்படித்தானே ஒப்பிடுகிறார்கள்? வலி வர நாளானால் அறையில் சென்ட்டைத் தூக்கலாக அடித்துவைப்பேன். அந்த வாசனை அவளுக்கு ஆகவே ஆகாது.

போன மாதம் அவளுக்குத் தலைமை ஆசிரியை வேலை கிடைத்தது, வேறு ஊரில். "லீவுக்கு லீவு வருவேன். அதுவரைக்கும் தலகாணியக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது.

வேலையில் சேர வேண்டிய நாள் காலையில் சென்ட் அடித்தேன். வலி வந்தது. மாத்திரை கேட்டாள், கொடுத்தேன். வலி அசையவில்லை. "இன்னொண்ணு குடுங்க. இன்னிக்கி நான் போயே ஆகணும்" என்று கெஞ்சினாள். கொடுத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடியே மாடிப்படி இறங்கினாள். பிடித்துக்கொள்ள நான் பின்னாலேயே போனேன். எட்டவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. பழையபடி நடப்பது கஷ்டம் என்கிறார்கள். பரவாயில்லை, நான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் அவளைத் தள்ளவில்லை. விஷம் வைக்கவில்லை. அன்றைக்கு இரண்டு தடவையும் நான் கொடுத்தது வெறும் கால்சியம் மாத்திரை. எலும்புக்கு நல்லது.