கெர்பர் தெருவின் கடைசிக் குடித்தனம்

பழைய வீடுகள் எனக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது, குருமூர்த்தி சார். ஸ்டுட்கார்ட்டுக்குப் படிக்க வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு, பழைய வீடுகளின் வாசல் வளைவுகளைப் பென்சிலால் வரைவதுதான்.

போஹும் நகரப் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு மொழிபெயர்க்க வந்திருக்கிறீர்கள், நன்றி. எனக்கு ஜெர்மன் நன்றாகவே வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் அது தெரியும். ஆனாலும் தமிழில்தான் சொல்வேன் என்றேன். இத்தனை வருஷமும் ஜெர்மனில் வேலை விஷயம் மட்டுமே பேசியிருக்கிறேன். இதையும் அதில் சொன்னால் திட்ட அறிக்கை வாசிப்பதுபோல் ஆகிவிடும். நான் நிறுத்தும் இடங்களில் நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். அவசரமில்லை.

பொங்கலன்று கெர்பர் தெருவில் உமாபதியும் அவன் மனைவி வைதேகியும் இறந்துபோனதை விபத்து என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். மாடியில் இடிக்கும் வேலை நடந்தபோது உடைசல் விழுந்து புகைபோக்கி அடைத்துக்கொண்டதாம். அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். நிலக்கரி அடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத வெளிநாட்டவர், கதவிடுக்கைத் துணியால் அடைத்து வைத்திருந்தார்கள் என்று. எங்கள் அலுவலகக் கான்டீனில் அதைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. உமாபதி போஹுமில் கணித ஆராய்ச்சி செய்தவன். வைதேகி அந்த அடுப்பை என்னைவிட நன்றாகப் பழக்கி வைத்திருந்தாள். நம்மவர்களை மட்டமாகப் பேசினால் சும்மா இருக்க முடியுமா? அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் நானாக வந்தேன்.

என் வேலை என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருந்தார். கெல்சென்கிர்ச்சனில் பழைய நகரப் பகுதியை மறுசீரமைக்கும் நிறுவனத்தில் துணைப் பொறியாளர். எங்கள் தலைமைப் பொறியாளர் ஹெர் ஷ்மால் அமெரிக்கா போய் வந்தவர். அங்கே கெல்சென்கிர்ச்சன் அளவுள்ள ஊர்களில் நகர நடுவை எப்படி வழித்தெடுத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார். பெரிய கடை, அதன் தலைமேல் அடுக்கடுக்காகக் கார் நிறுத்தும் இடம், கீழே மக்கள் நடக்க அகலமான வீதி. விளக்கைப் போட்டதும் நாங்கள் கைதட்டினோம். உண்மையிலேயே அழகாக இருந்தது. கெர்பர் தெருவில் என்ன இருந்தது? கரிப்புகை ஏறிய சுவர், படிக்கட்டு முனையில் இரண்டு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ், மழை பெய்தால் ஒழுகும் கூரை.

கட்டுவது மற்றவர்கள். காலி செய்ய வைப்பது நான். அதில் எனக்கு நல்ல பெயர். ஒரு குடித்தனம் வெளியேறினால் அன்றைக்கே எங்கள் ஆட்கள் போய் ஜன்னல் கதவுகளைக் கழற்றி, அடுப்பை எடுத்து, கக்கூஸ் பீங்கானை உடைத்துவிட்டு வருவார்கள். திரும்ப யாரும் குடியேறக் கூடாதல்லவா? மிச்சம் இருப்பவர்களுக்குக் காற்று ஊளையிடுவது கேட்கும். குழாய் உறையும். அவர்களாகவே கிளம்பிவிடுவார்கள். நான் ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

உமாபதியை அந்த வீட்டில் வைத்ததும் நான்தான். இடிக்கும்வரை சும்மா கிடக்கும் வீடுகளைக் குறைந்த வாடகைக்கு வெளிநாட்டவருக்கு விடுவது எங்கள் வழக்கம். போஹுமில் ஒரு தீபாவளி விருந்தில் என்னிடம் வந்து, “பார்த்தசாரதி அண்ணா, ஊர்லேர்ந்து வைதேகி வரப்போறா, ஹாஸ்டல்ல கல்யாணம் ஆனவங்களைச் சேர்க்க மாட்டேங்கறான்” என்றான். மறு வாரமே சாவி கொடுத்தேன். ஒரு அறையும் சமையலறையும். படியிலிருந்து நேரே சமையலறைக்குள் நுழைய வேண்டும். குளிர்காலத்தில் அங்கேயேதான் சாப்பாடு, படிப்பு, படுக்கை எல்லாம். அடுப்பு இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

பக்கத்துக் குடித்தனம் ஃப்ராவ் டொம்ப்ரோவ்ஸ்கி என்று ஒரு சுரங்கத் தொழிலாளியின் விதவை. வைதேகி முதல் நாள் சாம்பாருக்குத் தாளித்ததுமே அந்த அம்மாள் என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். படிக்கட்டில் யாரோ ரப்பரை எரிக்கிறார்களாம். பெருங்காயம், வேறென்ன. நான் போய் வைதேகிக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். பழைய துணியை நனைத்துப் பிழிந்து, கதவுக்கு அடியிலும் பக்க இடுக்குகளிலும் நன்றாகத் திணித்துவிட்டுத் தாளிக்க வேண்டும். ஜன்னலையும் திறக்கக் கூடாது, வாசனை அந்த அம்மாளின் ஜன்னலுக்குத்தான் போகும். இந்த நாட்டில் என் முதல் வாடகை அறையில் நானும் அப்படித்தான் செய்தேன். இங்கே நம்மவர் வீடுகளில் பாதிப்பேர் செய்வார்கள்.

“எங்க வீட்டு ரசத்துக்கு ஊரடங்குச் சட்டம் போட்டுட்டீங்களே, அண்ணா” என்று சிரித்தாள் வைதேகி.

அக்டோபரில் ஃப்ராவ் டொம்ப்ரோவ்ஸ்கிக்கு ஊருக்கு வெளியே புது அடுக்குமாடியில் வீடு கொடுத்தோம். மற்றவர்களும் போனார்கள். எங்கள் ஆட்கள் மேல்மாடியிலும் பக்கத்திலும் ஜன்னல்களைக் கழற்றினார்கள். முழு வீட்டிலும் இவர்கள் இருவர்தான். மோந்து பார்க்க ஆளில்லை. ஆனாலும் துணி அடைப்பதை விடவில்லை. கை பழகிவிட்டது, அது குளிரையும் தடுத்தது. நவம்பரில் போனபோது பார்த்தேன். இனி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போது அதற்கு ஒரு காரணமும் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காரணம் டிசம்பரில் வந்தது. எண்ணெய் கிடைக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்த சமயம். கட்டப்போகும் பெரிய கடைக்குப் பணம் போடுபவர்கள் தயங்குகிறார்கள், ஜனவரி முடிவதற்குள் தெரு தரைமட்டமாகாவிட்டால் விலகிவிடுவார்கள் என்று பேச்சு. ஹெர் ஷ்மால் என்னைக் கூப்பிட்டார். “மீதி இருப்பது உங்கள் நாட்டு ஆட்கள். நீங்களே பேசி அனுப்பிவிடுங்கள்” என்றார். வசந்தத்தில் அவர் இடம் காலியாகிறது, அதற்கு என் பெயரைச் சொல்லலாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். ‘நினைத்தேன்’ என்று இறந்த காலத்தில். எனக்குப் பின்னால் சேர்ந்த பையன்கள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள், சார். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

உமாபதியிடம் பேசினேன். படிக்கட்டில் நின்றபடியே.

“மாத்து வீடு கொடுத்துட்டுத்தான் இடிக்கணும்னு சட்டம் இருக்காமே, அண்ணா. யுனிவர்சிட்டில பசங்க சொன்னாங்க. கொடுங்க, நாளைக்கே பெட்டி கட்டிடறேன்.”

“முதல்ல ஜெர்மன்காரங்களுக்குத்தான் கொடுக்கறாங்க. நீ தற்காலிகமா வந்தவன்.”

“வைதேகிக்கு ஏப்ரல்ல டெலிவரி. குழந்தையும் தற்காலிகம்தான்னு சொல்லிடலாமா?” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து இளகினான். “உங்க ஆளுங்க ஜன்னலைக் கழட்டறாங்க, நான் கதவை இழுத்து மூடிக்கறேன். கூட்டிக் கழிச்சா சரியாத்தான் வருது. இல்லேன்னா ஒண்ணு பண்ணுங்க. உங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே இருக்கு? அங்க வந்துடறோம்.”

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பேச்சு மாறிவிட்டது.

அந்த அறை சும்மாதான் இருந்தது, உண்மை. ஆனால் என் கோட்டில் தாளிப்பு வாசனை வராமல் இருக்க எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டருக்கு விளக்கினாலும் புரியாது.

இனி நடந்தது எளிமையானது. மேல்மாடியில் அடுப்பை எடுத்த இடத்தில் சுவரில் ஓட்டை இருந்தது. எல்லா மாடிக்கும் ஒரே புகைபோக்கி. அந்த ஓட்டை வழியாக உடைசல் நிரப்பிய சாக்கைத் திணித்தேன். என் எண்ணம் இதுதான்: புகை கீழே திரும்பும், இருமுவார்கள், ஜன்னலைத் திறப்பார்கள், தீயணைப்புக்காரர்கள் வந்து அடுப்புக்குப் பூட்டுப் போடுவார்கள். அடுப்பில்லாமல் ஜனவரியில் யாரும் குடியிருக்க முடியாது. நகரசபையே மாற்று இடம் தேடித் தரும். அவர்களுக்கும் நல்லது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது.

இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்கிறாரே? ஆமாம், கோக். சரியான கேள்விதான். அடுப்பில் இருந்தது சாதாரணக் கரி இல்லை, புகை போகும்படி முன்பே சுட்டெடுத்த கோக் கரி. அதை நான்தான் கொடுத்தேன். முந்தின நாள் மாலை ஒரு மூட்டை கொண்டுபோய் இறக்கினேன். பொங்கலும் அதுவுமாக வெறுங்கையோடு போவது நன்றாக இருக்காது. “இவ்வளவு நல்ல நெருப்பா! நாளைக்கு மத்தியானம் நீங்க கண்டிப்பா சாப்பிட வரணும்” என்றாள் வைதேகி. கோக் கணகணவென்று எரியும். கண்ணுக்குப் புகை தெரியாது, அதன் விஷவாயு மூக்குக்கும் எட்டாது. இந்த ரூர் சுரங்கப் பகுதியில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும்.

புகை வரட்டும் என்று நினைத்தவன் கோக்கை ஏன் கொடுத்தான் என்கிறார். நானும் இரண்டு வாரமாக அதைத்தான் யோசிக்கிறேன்.

இன்னொன்றும் கேட்பார், நானே சொல்லிவிடுகிறேன். சாக்கை எப்போது வைத்தேன் என்று. அடுப்பு மூட்டும்போது விறகுப் புகை வரும். அப்போது அடைத்திருந்தால் அறை முழுக்கக் கரும்புகை சூழ்ந்து, உடனே வெளியே ஓடி வந்திருப்பார்கள். நான் எதிரே டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கூரைக்கு மேலே புகை மெலிந்து, ஒன்றும் தெரியாமல் போன பிறகுதான் பின்பக்கப் படியில் ஏறினேன். நல்ல வெயில் அன்றைக்கு.

சாக்கை வைத்துவிட்டு அலுவலகம் போனேன். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்களே, அதனால் திரும்பி வந்தேன். கதவுக்கு அடியில் ஈரத் துணியின் ஓரம் தெரிந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

“தலையை இடிக்குதுடி. கொஞ்சம் படுத்துக்கறேன்” என்றான் உமாபதி. “அண்ணா வந்தா எழுப்பு.”

“எனக்கும்தான் கிறுகிறுன்னு வருது. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை, அதான்” என்றாள் அவள். “அவர் வரட்டும், சேர்ந்தே சாப்பிடலாம்.”

எனக்காகப் பட்டினி கிடந்தார்கள். என் ஷூவுக்கு அடியில் படிப்பலகை கிறீச்சிட்டது. உள்ளேயிருந்து அவள் குரல், தூக்கத்தில் பேசுவதுபோல, “யாரது? அண்ணாவா?” என்றது.

நான் பதில் சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை. மெதுவாக இறங்கி வந்துவிட்டேன்.

வேண்டாம், மொழிபெயர்க்க வேண்டாம், அவர் கேட்டது எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் பதில் கொடுக்கவில்லை என்கிறார். அவரிடம் சொல்லுங்கள், குருமூர்த்தி சார். நான் குரல் கொடுத்திருந்தால் வைதேகி எப்படியாவது எழுந்து கதவைத் திறந்திருப்பாள். காற்று வந்திருக்கும். இரண்டு பேரும் பிழைத்திருப்பார்கள்.

பிழைத்து, மறுநாளும் அதே வீட்டில் இருந்திருப்பார்கள்.