மொட்டைமாடி இணைப்பு

ரூட்டர் மக்கர் செய்தால் பெரும்பாலும் அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டாலே போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. பாதி வீடுகளில் அதற்கே ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். சிதம்பரம் மேல வீதியில் என் செல்போன் கடைக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்வேன்.

என் மனைவி அறிவுமதிக்கும் அதைத்தான் சொல்லி வந்தேன். செம்மண்டலம் வீட்டில் இருந்தபடியே அவள் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். வேலை கிடைத்த புதிதில் எனக்கும் சந்தோஷம்தான். போகப் போக, கடையிலிருந்து நான் போன் செய்தால், "மீட்டிங்ல இருக்கேங்க, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். அந்த அப்புறம் வரவே வராது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

வீட்டு ரூட்டரை என் போனில் இருக்கும் ஆப் வழியாக எங்கிருந்தும் பார்க்கலாம். அவள் லேப்டாப்பின் பெயரைத் தொட்டு நிறுத்தினால் அதற்கு மட்டும் நெட் போகாது. ஒருநாள் நிறுத்திப் பார்த்தேன். சற்று நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, வைஃபை காட்டுது, ஆனா ஒண்ணுமே ஓட மாட்டேங்குது. மேனேஜர் வேற காத்துனு இருக்காரு."

அணைத்துப் போடச் சொன்னேன். ஒயரைக் கழற்றி மாட்டச் சொன்னேன். பொறுமையாகத்தான் பேசினேன். பிறகு ஆப்பில் நெட்டைத் திறந்துவிட்டேன்.

"வந்துடுச்சுங்க. நீங்க இல்லன்னா நான் என்னா பண்ணுவேன்" என்றாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அதன்பின் அடிக்கடி நிறுத்தினேன்.

கேபிள்காரர் கலியமூர்த்தி வந்து பார்த்துவிட்டு, "லைன்ல ஒரு கொறையும் இல்லம்மா" என்று சொல்லிப் போனார். அப்போதும் அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. அந்த மட்டில் நல்ல பெண்.

கம்பெனி அவளை வேலையை விட்டு எடுத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன். அவர்களோ சென்னைக்கே வந்து ஆபீசில் உட்காரச் சொன்னார்கள். அவள் ஹாஸ்டலும் பார்த்துவிட்டாள்.

"இந்த நெட்ட நம்பி இனிமே இங்க இருக்க முடியாதுங்க. திங்கக்கெழம கெளம்பறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட துணிக்கொடி விஷயத்துக்கு வருகிறேன். மொட்டைமாடியில் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. நெட் ஒயரை அதில்தான் கட்டியிருக்கிறோம். கரண்ட் ஒயரும் தோல் உரிந்து அதன்மேல் உரசிக்கொண்டிருக்கிறது. போன மழையில் குழாயைத் தொட்டு நானே தூக்கியடிக்கப்பட்டேன். அன்றைக்கே அதில் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்து எதிர்ப்பக்கம் கட்டினேன். அங்கேதான் வெயில் நன்றாக விழும் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அவள்மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று நீங்களே பாருங்கள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பதினோரு மணி வாக்கில் நெட்டை நிறுத்தினேன். கூப்பிட்டாள். மழையில் மாடிக் குழாயில் இருக்கும் நெட் ஒயர் ஜாயின்ட் லூசாகியிருக்கும், போய் அழுத்திப் பார் என்றேன். எங்கள் வீட்டில் செருப்பு வாசலோடு சரி, மாடிப்படியோ வீட்டுக்குள் இருக்கிறது. வெறுங்காலோடுதான் ஏறுவாள். அது எனக்குத் தெரியும்.

"பாசி புடிச்சு வழுக்குதுங்க. கொழாயப் புடிச்சுக்கவா?"

"புடிச்சுக்க" என்றேன்.

அப்புறம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். கடைக்கு வந்த ஒருவர் சார்ஜர் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிக்குப் போய்ப் பார்த்தபோது அவளுக்கு உயிர் இல்லை என்று பிற்பாடுதான் சொன்னார்கள்.

ஆனால் அதற்கு முன்பே, சார்ஜரைக் கொடுத்த கையோடு, அவள் லேப்டாப்புக்கு நெட்டைத் திறந்துவிட்டேன். கீழே இறங்கி வந்திருந்தால் பார்த்திருப்பாள். நான் சொன்னபடி செய்ததும் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பாள்.