சப்பரத்துக்கு முன்னால் நடப்பவர்

"கல்லு வந்தா முதல்ல உங்க தலையிலதான் விழும், பாய்."

மும்பை சயானில், பஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவரும் ஒரே சேவைச் சங்கத்தின் மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள். சொன்னவர் நெற்றியில் திருநீறு, கேட்டவர் தலையில் தொப்பி.

"அதுக்குத்தான அண்ணாச்சி, ராத்திரி சப்பரத்துக்கு முன்னால நான் நடக்கேன்னேன். என்னையப் பாத்தா எங்க பயலுவ எறிய மாட்டானுவ."

"எங்க பயலுவளும் கல்லு சேத்து வச்சிருக்கானுவ. சப்பரம் தாண்டுற வரைக்கும் உங்க பள்ளிவாசல் வாசல்ல நான் நிக்கேன். போன வருசம் மாதிரி அடிதடி, லஃப்டா ஆவக் கூடாது."

"போலீஸ் வருதுல்லா?"

"போன வருசமும் வந்துச்சு."

பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அது ஏற்கெனவே நனைந்திருந்தது.

"வீட்ல சொல்லிட்டீங்களா, பாய்?"

"இல்ல. கல்லு எடுக்கிறவனுவள்ல என் மவனும் இருக்கான்."

"அப்ப அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா, வாப்பா முன்னால வாரேன்னு?"

"சொன்னா வேற தெருவுல போயி நின்னு எறிவான். என்னைய எதிர்ல பாத்தாத்தான் கைய இறக்குவான்."

"இருட்டுல முகம் தெரியணுமே, பாய்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபிறகுதான் அண்ணாச்சி திரும்பினார்.

"நானும் என் மவன்கிட்ட சொல்லல."