ஜன்னல் வைத்த அறை

மேடையில் இருக்கும் பத்திரிகை ஆசிரியர் அவர்களே, நிர்வாகத்தாரே, சங்கத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே! காலமெல்லாம் செய்தி எழுதியவன் நான். வணக்கம் சொன்ன கையோடு செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை நம் தலைமைப் புகைப்படக்காரரின் கைபேசிக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. “உங்கள் மேல்முறையீடு பரிசீலனையில் உள்ளது. விரைவில் நலம்பெற வாழ்த்துகள்.” அவர் மனைவி, நம் அண்ணி காட்டினார், நானே படித்தேன். அவர் போய்ப் பத்து நாள் ஆகிறது.

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் ‘வெளிச்சம் அண்ணன்’. ஏன் அந்தப் பெயர்? ஆற்றுப்பாலத்தில் விரிசலே இல்லை என்று பொறியாளர்கள் அடித்துச் சொன்ன நாளில் நானும் உடன் போயிருந்தேன். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். எனக்குப் பசி.

“கிளம்புய்யா, பாலம் எங்கயும் ஓடிடாது” என்றேன்.

“இருங்க சார், வெளிச்சம் சாயட்டும். உங்க வயித்தைவிட பாலம் முக்கியம்.”

வெயில் சாய்ந்ததும் தூணின் குறுக்கே விரிசல் கறுப்பாகத் தெரிந்தது. மறுநாள் முதல் பக்கத்தில் படம். அன்றே பாலத்தை மூடினார்கள். எத்தனை உயிர் தப்பியதோ! அவர் உயிருக்கு யார் காத்திருந்தார்கள்?

புற்றுநோய் என்று தெரிந்தபோது அவர் கலங்கவில்லை. “இன்சூரன்ஸ் இருக்கே சார். வருஷக்கணக்கா சம்பளத்துல பிடிக்கறாங்க, சும்மாவா?” என்றார். சும்மாதான் ஐயா, சும்மாதான்!

மருத்துவமனையில் சேர்க்கும் இடத்தில் ஒரு பெண் கேட்டாள்: “ஜன்னல் இருக்கற ரூமா, இல்லாததா சார்?”

படம் எடுப்பவரிடம் கேட்கிற கேள்வியா இது? “இருக்கறதையே குடும்மா” என்றார். மறைக்க மாட்டேன், அவர்தான் கேட்டார். அந்த அறையின் வாடகை நம் காப்பீட்டில் அறைக்கு வைத்த வரம்பைப்போல இரண்டு மடங்கு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

கூடுதல் வாடகையை மட்டும் கேட்டிருந்தால் கட்டியிருப்பார். விதி அப்படியில்லை. வாடகை இரண்டு மடங்கானால் மொத்த பில்லிலும் பாதிதான் தருவார்கள். அறுவை சிகிச்சையில் பாதி, ஸ்கேனில் பாதி, ஊசிமருந்தில் பாதி. நான் கேட்கிறேன், ஜன்னல் ஓரம் படுத்தவனுக்கு மட்டும் மருந்து விலை ஏறுமா? அந்த வரம்பைப் பன்னிரண்டு வருடமாக உயர்த்தாமல் வைத்திருந்தது யார்? நம் நிர்வாகம். மேடையில் இருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டாம்.

மீதிப் பாதிக்கு அண்ணியின் நகை போயிற்று, லென்ஸுகள் போயின. அடுத்த ஊசிகளுக்கு முதலில் கையிலிருந்து கட்டி, பிறகு கேட்டு வாங்க வேண்டுமாம். கை காலி. வீட்டை விற்றுவிடலாம் என்றார் அண்ணி. “வேணாம். நாலு ஊசி போதும்னு டாக்டரே சொல்லிட்டார்” என்றார் இவர்.

நேற்று அந்த மருத்துவரைக் கேட்டேன். “நான் ஆறு எழுதினேன். நாலோட அவர் வரவே இல்ல” என்றார். அண்ணியின் சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறேன்.

அந்த ஜன்னல் வழியாக எடுத்த ஒரு படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். எதிர்க்கட்டிடத்தின் சுவர், அதில் வரிசையாக ஏசி பெட்டிகள். கீழே ஒரு வரி: “காட்சி எப்படி சார்? பாதி பில்லு இதுக்குத்தான்.”

போன வாரம் காப்பீட்டு நிறுவனத்து ஆள் அண்ணியிடம் வந்தார். “கொஞ்சம் சேத்துத் தர்றோம்மா, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர்கிட்ட போட்ட மனுவை வாபஸ் வாங்கிக்கங்க.” அண்ணி சொன்னதைக் கேளுங்கள்: “அவரு ஜன்னல்தானே கேட்டாரு? கொலையா பண்ணாரு? மொதல்ல அதுக்கு பதில் சொல்லுங்க தம்பி.”

தோழர்களே, அந்தப் பதில் அண்ணிக்கு மட்டும் வேண்டியதல்ல. நம் அச்சுக்கூட ஃபோர்மேன் இன்று அதே மருத்துவமனையில் இருக்கிறார். ஜன்னல் இல்லாத அறையைத்தான் கேட்டார். “காலியா இருக்கறது இது ஒண்ணுதான்” என்று ஜன்னல் வைத்த அறையைக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கும் பாதிதான்.

வருகிற புதன்கிழமை குறைதீர்ப்பாளர் முன் விசாரணை. அண்ணியோடு நாம் அத்தனை பேரும் போகிறோம். அந்தச் சுவர்ப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப்போகிறேன். அவர் வாங்கிய சொகுசு என்னவென்று பார்க்கட்டும். வரம்பை உயர்த்தக் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவுக்கு நிர்வாகத்தின் பதில் இன்னும் வரவில்லை. உத்தரவு இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் வரும் என்கிறது குறைதீர்ப்பாளர் அலுவலகம்.

ஃபோர்மேனுக்கு அடுத்த ஊசி இருபத்து நான்காம் தேதி.