சுவர்மேல் ஏறிய குறிப்பு

— இல்லீங்க மச்சான், முழுசாக் கேளுங்க. கொத்தனார் மேல தப்பில்ல. நான் வரஞ்ச பிளான்லதான் தப்பு.

— சொல்லு புள்ள. ஜும்மா தொழுக முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டேன். சார்ஜாவுல இன்னைக்கு லீவுதான். மெதுவாவே சொல்லு.

— எங்க வாப்பா வீட்ட ரெண்டாப் பிரிச்சு நடுவுல சுவர் எழுப்பச் சொன்னீங்கல்ல? என் கூடப் பொறந்த ராத்தா அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம்னு? சுவர் என் தல ஒசரத்துக்கு வந்துடுச்சு. ஆனா அடுப்படிகிட்ட மட்டும் சுவரே இல்ல. வழி விட்டிருக்காரு.

— துரைராசுவா? முப்பது வருஷம் கரண்டி புடிச்ச மனுஷனாச்சே!

— அவரு பேப்பர்ல இருந்தபடிதான் கட்டியிருக்காரு. பேப்பர்ல அந்த எடம் வெள்ளையா இருக்கு.

— அதெப்படி?

— அடுப்படி பூராவும் கோடு மச்சான். டைல்ஸ் கட்டம், தண்ணிக் குழாய், அளவுக் கோடு. அதுக்கு மேல 'வழுக்காத டைல்ஸ் பதிக்கவும்'னு மூணு வரியா எழுதினேன். மத்தி மீன் முள்ளுக்குள்ள சத தேடற மாதிரி இருந்துச்சு, படிக்கவே முடியல. எழுத்துக்குப் பின்னால இருக்கற கோடெல்லாம் மறையற மாதிரி வெள்ளையா மாஸ்க் போடணும்னு, கம்ப்யூட்டர்ல பிளான் வரையற சாயங்காலக் கிளாஸ்ல சார் சொன்னத நோட்டுல எழுதி வச்சிருந்தேன். போட்டேன். எழுத்து பளிச்சுன்னு வந்துச்சு.

— நல்லதுதானே?

— எழுத்து கொஞ்சம் சுவர்மேலயும் ஏறியிருந்துச்சு. மாஸ்க் சுவரையும் மறைச்சிடுச்சு. கம்ப்யூட்டர்ல சுவர் அப்படியே இருக்கு, பேப்பர்லதான் வரல. சுவர மாஸ்க்குக்கு முன்னால கொண்டு வந்திருக்கணும். அதையும் நோட்டுல எழுதியிருக்கேன். ரெண்டு அடிக்கோடு வேற போட்டிருக்கேன்.

— அடிக்கோடு போட்ட களைப்புல மறந்துட்டியாக்கும்?

— சிரிக்காதீங்க. இந்த வேலை எனக்கு வருமான்னே பயமா இருக்கு. நாளைக்கே அத அடைச்சுடச் சொல்றேன். அதுக்குத்தான் மிஸ்டு கால் குடுத்தேன்.

— ராத்தா என்ன சொல்றாங்க?

— காலைல அந்த வழியா இடியாப்பத் தட்ட நீட்டினா. வாங்கிக்கிட்டேன். அவளும் பேசல, நானும் பேசல.

— உங்களுக்குள்ள என்ன? சண்ட எனக்கும் ராத்தா மாப்பிள்ளை சாதிக் நானாவுக்கும்தானே?

— சுவர்னு சொன்னது யாரு? நீங்கதானே?

— பின்ன? ரூம்ல எட்டுப் பேரு முன்னாடி சாதிக் நானா என்ன சொன்னாரு? 'நான் விசா எடுக்கலன்னா நீ இன்னும் நாகூர் தர்கா வாசல்ல பேரீச்சம்பழம் பொட்டலம் கட்டிக்கிட்டிருப்ப'ன்னாரு.

— கட்டிக்கிட்டுத்தானே இருந்தீங்க?

— ஏ புள்ள!

— சரி சரி, வாய் தவறி வந்துடுச்சு. எட்டுப் பேரு முன்னாடி சொன்னது தப்புதான். நானே நின்னு அடைக்கச் சொல்லிடறேன். அழ மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் புரியல மச்சான்.

— என்ன?

— நேத்து கிளாஸ்ல உக்காந்து அந்த மாஸ்க்க அளந்தேன். சுவர்ல அது மறைக்கறது ரெண்டரை அடி. துரைராசு விட்டிருக்கறது மூணரை. டேப்ப வச்சு மூணு தடவ அளந்துட்டேன். ஸ்கேலையும் தப்பாப் போட்டுட்டேனோ? அப்படின்னா வீடு முழுக்கத் தப்பு.

— ஸ்கேல் சரியாத்தான் இருக்கு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீ மெயில்ல அனுப்பினத எங்க இஞ்சினியர்ட்ட குடுத்துப் பெரிசாப் பிரிண்ட் போட்டுப் பாத்தேன். போன மாசமே.

— அப்ப சுவர் விட்டுப் போனது...

— பாத்தேன். துரைராசுவும் போன் பண்ணாரு. 'தம்பி, அடுப்படிகிட்ட ரெண்டரை அடிக்குச் சுவரக் காணோமே, என்ன செய்ய?'ன்னு கேட்டாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— நோன்பு வந்தா அக்காளும் தங்கச்சியும் கஞ்சி அண்டாவ ஆளுக்கொரு காதாப் புடிச்சு, பக்கத்துல பக்கத்துல நடந்து வருவாங்க, ரெண்டரை பத்தாது, மூணரையா விடுங்கன்னேன்.